அழுத்திப் பிடித்தால் வரும் மெனுவில் ‘ஒட்டு’ இருக்கட்டும்

ஆண்ட்ராய்டு செயலி ஒன்றில் கடவுச்சொல் கட்டத்தை அழுத்திப் பிடித்தால் ‘ஒட்டு’ வருவதில்லை. பாஸ்வேர்ட் மேனேஜர் உருவாக்கித் தந்த 20 எழுத்தையும் கையால் தட்ட வேண்டும். இரண்டு முறை தவறியதும் சுலபமாக நினைவில் நிற்கும் ஒன்றுக்கு மாறிவிடத் தோன்றும். பாதுகாப்புக்கென்று போட்ட தடையே பாதுகாப்பைக் கெடுக்கிறது. அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட 800-63பி வழிகாட்டியும் கடவுச்சொல்லை ஒட்ட விடுங்கள் என்றே சொன்னது.

தடை முழுதாக வேலை செய்வதும் இல்லை. ஆண்ட்ராய்டில் எழுத்தை உள்ளிடும் கட்டமான எடிட்டெக்ஸ்டில் இந்த மெனுவுக்கு இரண்டு கால்பேக்குகள் (மெனு வரும்போது சிஸ்டம் கூப்பிடும், நீங்கள் எழுதும் நிரல்துண்டுகள்) உண்டு. எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் செலக்‌ஷன் கால்பேக். கர்சர் மட்டும் நிற்கும்போது இன்சர்ஷன் கால்பேக். இரண்டாவது ஆண்ட்ராய்டு 6-இல்தான் வந்தது. செயலி எழுதும் பலரும் முதலாவதில் மட்டும் ‘ஒட்டு’வை நீக்குகிறார்கள். காலிக் கட்டத்தில் ‘ஒட்டு’ பழையபடி நிற்கும். இரண்டையும் அடைத்தாலும் கீபோர்டின் கிளிப்போர்டு வழியாக ஒட்டிவிடலாம். கடவுச்சொல் கட்டத்தில் ‘வெட்டு’, ‘நகலெடு’ இரண்டையும் ஆண்ட்ராய்டே காட்டாது. அதற்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம்.

வங்கிக் கணக்கு எண்ணை மறுபடி உள்ளிடும் கட்டம் மட்டும் விதிவிலக்கு. முதல் கட்டத்தில் தவறாக அடித்ததையே நகலெடுத்து ஒட்டினால் சரிபார்ப்புக்கு அர்த்தமில்லை. அந்த ஒரு கட்டத்தில் ‘ஒட்டு’வை நீக்குங்கள், இரண்டு கால்பேக்கிலும் நீக்குங்கள்.

மெனுவில் ‘மொழிபெயர்’ போல உங்கள் சொந்தப் பொத்தானைச் சேர்ப்பதானால், கால்பேக்கில் மெனு உருவாகும்போது ஓடும் ஆன்கிரியேட்டில் சேர்த்துவிடுங்கள். மெனுவைத் தயார்செய்யும்போது ஓடும் ஆன்பிரிப்பேரோ பலமுறை ஓடும். அங்கே சரிபார்க்காமல் சேர்த்தால் ஒரே பொத்தான் இரண்டு மூன்றாக வந்து நிற்கும். நீக்குவது இதற்கு நேர்மாறு: ‘அனைத்தையும் தேர்ந்தெடு’வை ஆன்கிரியேட்டில் நீக்கினால், அடுத்து ஓடும் ஆன்பிரிப்பேரில் சிஸ்டம் அதைத் திரும்பச் சேர்த்துவிடும். நீக்கவேண்டியதை ஆன்பிரிப்பேரில் நீக்குங்கள்.

வரிசை எண் தராமல் சேர்த்தால் அது பூஜ்யமாகி, உங்கள் பொத்தான் ‘நகலெடு’வுக்கு முன்னால் போய் உட்காரும். கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பழகிய விரலுக்கு இது பெரிய தொந்தரவு. 50 போலப் பெரிய எண்ணாகக் கொடுங்கள்.

தட்டலைக் கையாளும் ஆன்ஆக்‌ஷன்ஐட்டம்கிளிக்டில், உங்கள் பொத்தானுக்கு மட்டும் ட்ரூ (நானே கவனித்துவிட்டேன்), மற்ற எல்லாவற்றுக்கும் ஃபால்ஸ் (சிஸ்டம் பார்த்துக்கொள்ளட்டும்) திருப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் ட்ரூ திருப்பினால் ‘நகலெடு’ கண்ணுக்குத் தெரியும், தட்டலாம், ஆனால் எதுவும் நகலாகாது. எரர் செய்தியே வராததால் இது டெஸ்டிங்கில் எளிதில் தப்பிவிடுகிறது.

ஐபோனில் இதே மெனுவுக்கு இருந்த பழைய யுஐமெனுகன்ட்ரோலர் ஐஓஎஸ் 16 முதல் கைவிடப்பட்டு யுஐஎடிட்மெனுஇன்டராக்‌ஷன் வந்திருக்கிறது. புதிதாக எழுதுகிறவர்கள் நேராக அதிலேயே தொடங்கலாம்.

வெளியிடுமுன் போன் மொழியைத் தமிழாக்கி, எழுத்தளவைக் கூட்டிப் பாருங்கள். ‘அனைத்தையும் தேர்ந்தெடு’ வந்தாலே மெனுப் பட்டையில் பெரும்பகுதி போய்விடும். இடமில்லாதவை மூன்று புள்ளிக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் உங்கள் பொத்தானின் பெயரை ஒரே சொல்லில் வையுங்கள்.