மறைத்தவரின் பெயரையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்

கோடு போட்ட ஒரு ஃபுல்ஸ்காப் தாள், நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. "நடந்த சம்பவம் தொடர்பாக இரு பகுதியினரும் சமாதானமாகிவிட்டோம், இனி எந்த இடத்திலும் முறைப்பாடு செய்யமாட்டோம்" என்று நீலப் பேனையால் எழுதி, கீழே முத்திரைக்கு மேல் தாயின் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் வழிபாட்டிடத்தின் ஊதா நிறச் சீல். அதை என் வீட்டு விறாந்தையில் விரித்து வைத்துவிட்டு அந்த அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "கையெழுத்து வச்சிட்டன் தம்பி, இனிப் பொலிசுக்குப் போகேலாதோ?"

போகலாம். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் ஒரு பெறுமதியும் இல்லை. சிறுவர் பாலியல் துஷ்பிரயோகம் பேசித் தீர்க்கிற குற்றம் இல்லை, மத்தியஸ்த சபையிலும் தீர்க்க முடியாது. அதோடு, குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பணமோ வேறு நன்மையோ கொடுப்பதும் வாங்குவதும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 210, 211 ஆம் பிரிவுகளில் தனிக் குற்றங்கள். தாளைக் கொண்டுவந்து வைத்துக் கையெழுத்து வாங்கியவர்கள்தான் பயப்பட வேண்டும். (அவர்கள் "படிப்புச் செலவுக்கு" என்று காசு தந்திருந்தால் அதை ஒளிக்காதீர்கள், முதல் நாளே சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள்.)

அது எந்த மதத்தின் வழிபாட்டிடம் என்று நான் எழுதப் போவதில்லை. வன்னியில் கோயில், தேவாலயம், சபை, மத்ரஸா, விகாரை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யுத்தம் முடிந்தபின் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளையும், இருந்தும் சோறு போட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளையும் வாங்கி வளர்த்தது பெரும்பாலும் மத நிறுவனங்கள் நடத்திய இல்லங்கள்தான், அந்த நன்றி எங்கள் சனத்துக்கு நிறைய உண்டு, நன்றி இருக்கிற இடத்தில்தான் வாயைத் திறப்பதும் கஷ்டமாகிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தவறு செய்தவரைப் பற்றி நன்றாகவே சொல்கிறது. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையில் பெரிய மாற்றம் கொண்டுவந்தது. 364(2) பிரிவின்படி, பெண்கள் அல்லது சிறுவர் இல்லத்தின் நிர்வாகத்தில் இருப்பவர் அந்தப் பொறுப்பைப் பயன்படுத்தி அங்குள்ள ஒருவரை வல்லுறவு செய்தால் 10 முதல் 20 வருடம் வரை கடூழியச் சிறை. 308A பிரிவு, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அடித்தாலும், வதைத்தாலும், வேண்டுமென்றே கைவிட்டாலும் 2 முதல் 10 வருடம் என்கிறது. காவி, வெள்ளை அங்கி, தொப்பி என்று எதற்கும் விலக்கில்லை.

மறைத்தவருக்கு வந்தால்தான் சிக்கல். 198 ஆம் பிரிவு இருக்கிறது: ஒரு குற்றம் நடந்ததென்று தெரிந்துகொண்டு, குற்றவாளியைக் காப்பாற்றும் நோக்கத்தோடு சாட்சியத்தை அழித்தாலோ பொய்த் தகவல் கொடுத்தாலோ அது குற்றம். இல்லத்துப் பதிவேட்டின் பக்கத்தைக் கிழிப்பது, சிசிரிவிப் பதிவை அழிப்பது, பொலிஸ் வந்து கேட்கும்போது "அப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவேயில்லை" என்று சொல்வது, இதெல்லாம் அதற்குள் வரும். ஆனால் எதையும் அழிக்காமல், பொய்யும் சொல்லாமல், அறிந்தும் பேசாமல் இருந்தார், அல்லது சந்தேகத்துக்குரியவரைச் சத்தமில்லாமல் இன்னொரு ஊருக்கு மாற்றிவிட்டார் என்றால்? 199 ஆம் பிரிவு தகவல் சொல்லாமல் விடுவதைக் குற்றமாக்குகிறது, ஆனால் சொல்லச் சட்டக் கடமை உள்ளவர் சொல்லாவிட்டால் மட்டும். அந்தக் கடமை யாருக்கு, எந்தக் குற்றத்துக்கு என்பதைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 21 ஆம் பிரிவு இலக்கம் போட்டு வரையறுக்கிறது, எல்லாக் குற்றமும் அதில் அடங்காது. இந்த ஓட்டை வழியாகத்தான் பெரியவர்கள் வெளியே நடந்து போகிறார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். சிறுவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க இந்தியா 2012 இல் கொண்டுவந்த போக்சோ சட்டத்தில், தெரிந்தும் அறிவிக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை அறிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. தலைவர் என்று தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள், அதுதான் இங்கே வேண்டும். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, இலங்கையிலிருந்து போய்த் திருச்சிக்குக் கிட்ட ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா என்ற சாமியாருக்குப் பாலியல் வல்லுறவு, கொலை வழக்கில் 1997 இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது, கூட இருந்து உதவியவர்களும் தண்டிக்கப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் இங்கிருந்து போன எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். யுத்தத்துக்குத் தப்பட்டும் என்று அனுப்பிய பிள்ளைகள்.

சில பேர் சொல்வார்கள், எங்கள் சபைக்குள்ளேயே விசாரணை இருக்கிறது, அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று. கத்தோலிக்கத் திருச்சபையில் 2019 இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஒரு விதி கொண்டுவந்தார், குருக்களும் துறவிகளும் அறிந்ததைத் திருச்சபை அதிகாரிகளுக்குச் சொல்லியே ஆகவேண்டும், விசாரணையைத் தடுக்கிற ஆயர்மீதும் விசாரணை வரும். நல்ல விடயம். ஆனால் அது திருச்சபைக்குள் நடப்பது, பொலிஸ் முறைப்பாட்டுக்குப் பதில் ஆகாது, அது முடியும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையும் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பற்றியும் கேட்கிறார்கள். எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் சட்டத்தரணியிடம் சொன்னதற்குப் பாதுகாப்பு உண்டு, குருவானவரிடம் சொன்னதற்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது.

என் முடிவு இதுதான்: மதத் தலைவர் சட்டத்துக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும், சட்டத்தைத் திருத்தும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. முறைப்பாடு எழுதும்போது செய்தவரின் பெயரோடு நிறுத்திவிடுகிறோம், அதுதான் பிழை. முதலில் யாரிடம் சொன்னீர்கள், எந்தத் தேதி, அவர் என்ன பதில் சொன்னார், அதற்குப் பிறகு என்ன செய்தார், யார் வீட்டுக்கு வந்து சமாதானம் பேசினார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். தேதி ஞாபகம் இல்லையென்றால் "திருவிழா முடிஞ்ச அடுத்த கிழமை" என்று எழுதினாலும் போதும், அதிலிருந்து தேதி எடுக்கலாம். செய்தவர் ஏற்கெனவே ஒரு தடவை பிடிபட்டது தெரிந்தும் அவரை மறுபடி பிள்ளைகளோடு விட்டார்கள் என்றால் அதைக் கட்டாயம் தனிப் பந்தியாக எழுதுங்கள். உடந்தை என்று வழக்குப் போடலாமா என்று சட்டமா அதிபர் திணைக்களம் பார்ப்பதற்கு அந்தப் பந்திதான் தேவை.

எங்கே கொடுப்பது? பொலிஸ் நிலையத்தின் சிறுவர் பெண்கள் பிரிவில் கொடுக்கலாம். பொலிசுக்குப் போகப் பயமென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடியுங்கள், காசு இல்லை, தமிழிலும் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவர்களுக்குக் கிளிநொச்சி, வவுனியா என்று பஸ் ஏறி அலையாமல் அதுதான் கிட்ட. நடந்தது சிறுவர் இல்லத்தில் என்றால் மாகாண நன்னடத்தைத் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இல்லத்தைப் பதிவதும் மேற்பார்வை செய்வதும் அவர்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பதிவு இலக்கத்தை வாங்காமல் எழும்பி வராதீர்கள்.

பொலிஸ் எடுக்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்துக்கு ஒரு மாதத்துக்குள் போங்கள். அடிப்படை உரிமை வழக்குக்கும் ஒரு மாதம்தான் தவணை, அந்தத் தவணைக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. முறைப்பாட்டை வாபஸ் வாங்கு என்று யாராவது மிரட்டினால் அதுவும் குற்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கப் பாதுகாப்புச் சட்டம் அதற்காகவே இருக்கிறது.

இன்னொன்று, இதை நான் அவசரத்தோடு சொல்கிறேன். கொலையும் அரச துரோகமும் தவிர மற்றக் குற்றங்களுக்கு வழக்குத் தொடரப் பொதுவிதி 20 வருடம், நடந்த நாளிலிருந்து. 2009 இல், யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்த பிள்ளை இப்போது வளர்ந்த ஆள். முகாமிலிருந்து ஏதோ ஓர் இல்லத்துக்குப் போய் அங்கே அந்த வருடமே நடந்ததென்றால் 2029 கிட்ட வந்துவிட்டது. உங்கள் விடயத்தில் கணக்கு எப்படி வரும் என்று நீங்களாக விரல் மடித்து முடிவு கட்டாதீர்கள், காலம் போய்விட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம், சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போய்ச் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு கணக்குப் பார்ப்பியுங்கள்.

அந்த அக்காவின் தாளை நாங்கள் கிழிக்கவில்லை. மூன்று போட்டோப் பிரதி எடுத்து, ஒன்றை முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தோம். ஊதா சீல் உள்ள மூலப்பிரதி அவவிடமே இருக்கிறது, நீதிமன்றம் கேட்கும்வரை யார் கேட்டாலும் கையில் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.