ரெண்டு சீலைப் போர்வைக்குள் இருக்கும் காற்று

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். வட இலங்கையில், எங்கள் வன்னியில் மச்சு வீடு குறைவு. எங்களுக்குத் தைப்பனியே போதும். காலபோக நெல் முற்றி நிற்கும் அந்த நாட்களில் ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்களில் காவல் கொட்டிலில்தான் இரவுப் படுக்கை. யானை வரும், பன்றி வரும், கண்ணயர்ந்தால் விளைச்சல் போய்விடும். விடியப்புறம் வெப்பநிலை 21, 22 பாகை செல்சியஸுக்கு இறங்கும். குளிர் மலைநாட்டு நுவரெலியாக்காரர் கேட்டால் சிரிப்பார்கள். பகல் முழுக்க வெயிலில் நின்ற உடம்புக்கு அது குளிர்தான்.

பெரியப்பா கொட்டிலுக்குக் கொண்டுபோவது பெரியம்மா கையால் தைத்த போர்வை. வீட்டில் அதற்குப் பெயர் 'ரெண்டு சீலைப் போர்வை'. ஒரு நூல் சேலை ஐந்தரை மீற்றர். மூன்றாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூட வரும். இரண்டு சேலைக்கு ஆறு துண்டு. பன்பாயில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நாலு மூலையிலும் கல்லை வைத்துவிட்டுக் குந்திவிடுவார். பிறகு மேலே கீழே, மேலே கீழே என்று ஊசி ஓடும் வெறும் நூலோட்டம். பூவேலை கிடையாது, முடிச்சும் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று.

இவ்வளவு மெல்லிய துணி எப்படிக் குளிரைத் தாங்குகிறது என்று ஒருநாள் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் ஆறு மடிப்பும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீற்றர். கையை எடுத்தால் மெல்ல எழும்பி நாலு மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்து நிற்கிறது. மிச்சம் இரண்டரை மில்லிமீற்றரும் காற்று. பெரியப்பா போர்த்துக்கொண்டு படுப்பது பெரும்பாலும் அந்தக் காற்றைத்தான்.

அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அதன் வெப்பக் கடத்துதிறன் மீற்றர் கெல்வினுக்கு 0.026 வாற் அளவு. தண்ணீருக்கு அது 0.6. காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல். ஆனால் 'அசையாத' என்ற சொல்லில்தான் விசயம் இருக்கிறது. உடம்பில் பட்டுச் சூடான காற்று இலேசாகி மேலே கிளம்பும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும், இப்படியே சுழன்று சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சூடான உடம்புக்கு மேலே கிடக்கும் காற்றுப் படலம் ஒரு சென்ரிமீற்றரைக் கொஞ்சம் தாண்டினாலே இந்தச் சுழற்சி தொடங்கிவிடலாம். அரை மில்லிமீற்றர் இடைவெளிகளாக வெட்டிப் பிரித்துவிட்டால் காற்றுக்குத் திரும்பிப் படுக்கக்கூட இடமில்லை. ஆறு சேலைத் துண்டும் செய்கிற வேலை அதுதான்: காற்றை அறை அறையாக மறித்து வைப்பது.

சும்மா ஒரு மதிப்பீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோலில் 33 பாகை, வெளியே 22 பாகை, நடுவில் நாலு மில்லிமீற்றர் போர்வை, அதற்கு வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கும் காற்றுப் படலம். உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய 75 வாற் என்று வருகிறது. நித்திரையில் ஒரு மனித உடம்பு உண்டாக்கும் வெப்பமும் கிட்டத்தட்ட அவ்வளவே, ஒரு பழைய குண்டு பல்ப் மாதிரி. வரவும் செலவும் சரி. பெரியம்மாவுக்கு வாற் என்றால் என்னவென்று தெரியாது. ஐந்து மடிப்புக் காணாது, ஏழு மடிப்பென்றால் ஊசி இறங்காது என்று மட்டும் தெரியும்.

இனித் தையலுக்கு வருவோம். எனக்கு உண்மையில் வியப்பைத் தந்தது இதுதான். இரண்டு முழ நீளத்துக்கு ஒரு நூல் ஓடுகிறது, இரண்டு நுனியிலும் மட்டும் முடிச்சு. நடுவில் எங்கேயும் பசை இல்லை, கட்டு இல்லை. ஒரு நுனி முடிச்சு அறுந்தால் நூல் முழுக்க உருவிக்கொண்டு வர வேண்டும் அல்லவா? வருவதில்லை. இழுத்துப் பாருங்கள், ஐந்தாறு தையலுக்கு மேல் அசையாது.

மாட்டை மரத்தில் கட்டியவர்களுக்கு இதன் காரணம் கையில் தெரியும். முரண்டு பிடிக்கும் எருமையைச் சிறுபெடியன் இழுத்து நிறுத்த முடியாது. கயிற்றைப் பாலை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நுனியைப் பிடித்தால், ஒரு கையே போதும். கயிறு வளையும் ஒவ்வொரு இடத்திலும் மரத்தை அழுத்துகிறது, அழுத்தும் இடத்தில் உராய்வு இழுவையைக் குறைக்கிறது. குறைவது கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில். 18ஆம் நூற்றாண்டில் லியோனார்ட் ஒய்லர் இதைச் சூத்திரமாக எழுதினார். உராய்வுக் குணகம், அதாவது இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு, 0.3 என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்கு நாற்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம் வரும்.

தையல் நூலுக்குத் துணிதான் மரம். உள்ளே இறங்கும்போது ஒரு வளைவு, மேலே ஏறும்போது ஒரு வளைவு, இரண்டும் சேர்ந்தால் அரைச் சுற்று. அதே 0.3 என்றால் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் இழுவை இரண்டரை மடங்கு தேய்கிறது. ஐந்து அரைச் சுற்றில் நூறு மடங்குக்கும் மேல். ஆறாவது தையலுக்கு நீங்கள் இழுக்கிற செய்தியே போய்ச் சேராது.

அந்த 0.3 தான் உயிர்நாடி என்பதை நான் படித்தது பாடப்புத்தகத்தில் இல்லை. ஒருமுறை என்னிடமிருந்த பொலியெஸ்டர் சேலை ஒன்றைப் புத்தம்புதிதாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன், போர்வைக்கு மேல்துண்டாகப் போட்டால் வடிவாக இருக்குமென்று. பெரியம்மா பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து இரண்டு தரம் தேய்த்தார்.

"உது வழுக்கும் பிள்ளை. நூல் நிக்காது. நீயே கட்டு."

நான் கொஞ்சம் மனம் கோணித்தான் திரும்பினேன். விரலிடுக்கில் அவர் அளந்தது உராய்வுக் குணகத்தை என்று பிறகுதான் உறைத்தது.

பருத்தி வழுக்காததற்குக் காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பஞ்சிழையும் விதையின் தோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒரே ஒரு கலம். காய் வெடித்து உலரும்போது அந்தக் குழாய் சப்பளிந்து, நாடா மாதிரி முறுகிப்போகும். இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் நீளமுள்ள இப்படியான முறுகல்களைச் சேர்த்துத் திரித்தால் நூல். அதிலும் பசை இல்லை. இழுக்க இழுக்க இழைகள் ஒன்றையொன்று நெருக்கும், நெருக்க நெருக்க வழுக்காது. நெசவும் அப்படியே, தையலும் அப்படியே.

எங்கள் ஊர் இலவம் பஞ்சு இதற்கு நேரெதிர். இலவு காத்த கிளி ஏமாந்ததைப் போல, நூல் நூற்க நினைப்பவரும் ஏமாந்துதான் போவார். அதன் இழை முறுகலே இல்லாத வழவழத்த மெழுகுக் குழாய், ஒன்றையொன்று பிடிக்காது. ஆனால் இழையின் கன அளவில் 80 வீதமளவு வெறும் காற்று. சூட்டைக் காக்க அதைவிட நல்ல பொருள் கிடைப்பது கஷ்டம், உறைக்குள் அடைத்து வைத்தால் மட்டும். தலையணைக்குச் சரி, போர்வைக்குச் சரிவராது: துவைத்தால் ஒரு மூலையில் போய்த் திரண்டுகொள்ளும்.

தையலை எவ்வளவு இறுக்குவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பெரியம்மா பத்துத் தையல் ஓட்டிவிட்டு நூலைக் கொஞ்சமாக இழுப்பார், துணி சிற்றலை மாதிரிச் சுருங்கும். பார்ப்பவருக்கு அது பிழையாகத் தெரியும். அந்தச் சுருக்கம்தான் மடிப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று தூக்கி வைக்கிறது. ஒன்றரை மில்லிமீற்றர் நாலாக எழும்பியது அதனால்தான். கூட இழுத்தால் காற்று நசியும். வங்காளத்தில் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலால் இதே ஓட்டத்தில் தைக்கும் போர்வைக்கு 'காந்தா' என்று பெயர். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நாம் சொல்லும் கந்தையும் அந்தக் காந்தாவும் ஒரே சமஸ்கிருதச் சொல்லின் பிள்ளைகள்.

பழைய துணியை எடுப்பது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. புதுச் சேலையில் கஞ்சி இருக்கும், இழைகள் விறைத்திருக்கும். நூறு தரம் துவைத்துக் கல்லில் அடித்த சேலையில் கஞ்சி போய், நூலின் மேற்பரப்பில் மெல்லிய நார்கள் கிளம்பி நிற்கும். அவை பக்கத்து மடிப்பைப் பிடித்துக்கொள்ளும், காற்றையும் பிடித்துக்கொள்ளும். அப்புறம், அது யாரோ உடுத்த துணி என்ற விசயம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் மிசூரி பெட்வே என்ற பெண் 1942 இல், இறந்துபோன கணவனின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். காற்சட்டையின் முழங்காலில் வெளுத்த இடம்கூடத் தெரியும்படி. வன்னியில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் போர்வையின் எதிரி ஈரம். பருத்தி சாதாரண ஈரப்பதனிலேயே தன் எடையில் 7, 8 வீதம் நீரை உறிஞ்சி வைத்திருக்கும், பொலியெஸ்டர் 0.4 வீதம்தான். வியர்வையை வாங்கிக்கொள்வதால் அளவோடு இருந்தால் நல்லது. பனியில் நனைந்து, காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் கதை முடிந்தது. போருக்குப் பிறகு தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்களுக்கு இது மறக்காது. மழை ஒழுகாத இரவிலும் விடியும்போது போர்வை நனைந்திருக்கும். தெளிந்த வானத்துக்குச் சூட்டை வீசி வீசித் தறப்பாள் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும், உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சு அதன் அடிப்பக்கத்தில் நீராகிச் சொட்டும். ஓலைக் கூரையில் அந்த மூச்சுக்கு வெளியேற வழி உண்டு.

பெரியம்மாவின் போர்வையில் மூன்றாவது மடிப்பாக ஒரு நீலச் சேலை இருக்கிறது. 2009 இல், போரின் கடைசி மாதங்களில், கடற்கரை மணலில் பங்கர் (பதுங்குகுழி) வெட்டியபோது, மண்மூட்டைக்குச் சாக்குக் கிடைக்காமல் சனம் சேலைகளைப் பையாகத் தைத்தது, கூறைச் சேலை உட்பட. மணலும் உராய்வில்தான் நிற்கிறது: மேலே பாரம் ஏற ஏற மணிகள் ஒன்றையொன்று இறுக்கும், பக்கவாட்டில் பிதுங்காமல் துணி பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு இடத்திலும் மணலைக் கொட்டிவிட்டு, பையை மடித்து எடுத்துக்கொண்டு ஓடியதில் ஒன்று மிஞ்சியது. மெனிக் பாம் அகதி முகாமில் அதைப் பிரித்துத் துவைத்தார், பேரனுக்கு ஏணையாகக் கட்டினார், பிறகு போர்வைக்குள் வைத்தார்.

வழக்கமாக ஊசி போன துளை, துணியைக் கழுவினால் மூடிவிடும். ஊசி நூலை அறுப்பதில்லை, விலக்கிக்கொண்டுதான் போகிறது. நனைந்து பருத்த நூல்கள் மறுபடி நெருங்கி வந்துவிடும். அந்த நீலச் சேலையில் மூடவில்லை. மணல் பாரத்தில் இழுபட்டு நூல்கள் இடம்மாறி, சில அறுந்தும் போனதில், வரிசையாகத் துளைகள் இன்னமும் தெரிகின்றன, தபால் முத்திரைத் தாளின் கிழிகோடு மாதிரி.

புதுத் தையலைப் பெரியம்மா அந்த வரிசையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித்தான் ஓட்டியிருக்கிறார். அந்தத் துளைகளுக்குள்ளாலேயே தைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"அதுக்குள்ளால போனா கிழிஞ்சிடும்," என்றார், ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே.