ஹார்மோன்: இயக்குநீரா, வளரூக்கியா?

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் நான் இருக்கும் மருந்துக் கடைக்கு வரும் கோப்புகளில் மேலட்டை மலையாளம், மருந்துச் சீட்டு ஆங்கிலம், கொண்டுவருகிறவர் தமிழர். சென்ற மாதம் ஒருவர் கோப்பை மேசையில் வைத்து, "அண்ணா, 'புருஷ வந்த்யத' என்று போட்டிருக்கிறார்களே, என்ன நோய் இது?" என்றார்.

பிட்டுக்கு மண் சுமந்த கதையில் வரும் பிள்ளையில்லாக் கிழவி வந்தியை நினைத்துக்கொண்டால் போதும். வடமொழியில் 'வந்த்யா' என்றால் மலடி; 'வந்த்யத' என்றால் மலட்டுத்தன்மை. (மலடிக்கு மலையாளத்தில் இன்னொரு சொல் 'மச்சி'. நம் பையன்கள் அந்தச் சொல்லால்தான் நண்பனைக் கூப்பிடுகிறார்கள்!) ஆணின் மலட்டுத்தன்மையைச் சுவர் விளம்பரங்கள் 'ஆண்மைக்குறைவு' என்கின்றன. அது பிழை. ஆண்மைக்குறைவு உடலுறவில் வரும் சிக்கல்; விந்தணு குறைந்தவருக்கு அந்தச் சிக்கல் துளியும் இல்லாமல் இருக்கலாம்.

சொல் குழம்பினால் மருந்தும் குழம்பும். அவர் அடுத்துக் கேட்டது டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆண்மைக்கான ஹார்மோன் தானே, போட்டால் விந்தணு பெருகாதா என்றார். கொடுக்க மறுத்துவிட்டேன். காரணத்தை 'ஹார்மோன்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

'ஹார்மோன்' 1905இல் பிறந்த சொல். லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் உடலியல் அறிஞர் ஒரு சொற்பொழிவில் அதை வழங்கினார். கிரேக்க மூலத்துக்குக் கிளர்த்துதல், இயங்கச் செய்தல் என்று பொருள். தமிழில் சிலர் 'வளரூக்கி' என்று எழுதுகிறார்கள். எல்லா ஹார்மோனும் வளர்ச்சிக்கானது அல்ல என்பதால் எனக்கு அது ஒட்டவில்லை. 'இயக்குநீர்' மூலத்துக்கு நேராக நிற்கிறது.

யார் யாரை இயக்குகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விந்தகத்துக்கு இரண்டு இயக்குநீர்களை அனுப்புகிறது. எல்.எச். வந்தால் விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும், எஃப்.எஸ்.எச். விந்தணு உருவாகத் துணைநிற்கும். (இதன் முழுப்பெயர் ஃபாலிக்கிள் ஸ்டிமுலேட்டிங் ஹார்மோன். ஃபாலிக்கிள் என்பது பெண்ணின் சினைப்பை நுண்ணறை, ஆணுக்கும் அதே பெயர்.) வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், இருப்பு போதும் என்று மூளை கருதி இரண்டையும் குறைத்துவிடும். இரத்தத்தில் அளவு ஏறும், விந்தகத்துக்குள் அளவு குறையும், விந்தணு அறவே இல்லாமலும் போகலாம். ஊசியை நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் திரும்புகிறது. சிலருக்கு வெகுகாலம் ஆகிறது.

இயக்குநீர்ச் சிகிச்சை நன்றாகக் கைகொடுப்பது பிட்யூட்டரியே சோர்ந்திருப்பவர்களுக்கு. எல்.எச். செய்யும் வேலையைச் செய்ய எச்.சி.ஜி. என்னும் இயக்குநீர் ஊசி போடுவார்கள்; தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியும் சேரும். ஒரு விந்தணு உருவாகி முடியவே ஏறத்தாழ இரண்டரை மாதம் என்பதால், பலன் தெரிய ஆறு மாதம், ஓராண்டு, அதற்கு மேலும் பொறுக்க வேண்டியிருக்கும். தாய்ப்பால் சுரக்கச் செய்யும் இயக்குநீரான புரோலாக்டின் மிகுந்திருந்தால், அதைக் குறைக்கக் காபர்கோலின் மாத்திரை. பெண்களின் கருமுட்டை வெளிவருவதற்காக வந்த குளோமிபீன் மாத்திரையைச் சில ஆண்களுக்கும் எழுதுகிறார்கள். பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. விந்துக்குழாய் அடைத்திருந்தால் இவை எதுவும் உதவாது. ஆகவே இரத்தச் சோதனை முதலில், ஊசி பிறகு.

அவர் கோப்பைப் புரட்டினார். சோதனைச் சீட்டு அதிலேயே மடித்துக் கிடந்தது, இரண்டு வாரமாக. காலையில் பாலக்காடு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போனார்.