ஐந்து ஸ்டாருக்காக யாரும் தெருவைச் சுற்றிப் போவதில்லை

உணவு டெலிவரி ஆப்பின் மேப்பில் வாடிக்கையாளர் போட்ட இடக்குறி (‘பின்’) முன்தெருவில், வீடு பின்தெருவில். நடுவே ஒருவழிப்பாதை, சுற்றினால் 800 மீட்டர். ஆப் கணக்கில் தூரம் அந்தப் ‘பின்’னோடு முடிந்துவிட்டது. ரைடர் போன் போட்டு வழி கேட்டு, சுற்றிப் போய், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு ஏறிக் கொடுக்கிறார். கூலியில் சேராத இந்த மாதிரி வேலைகளை 1980களில் நிர்வாகவியல் ஆய்வாளர் டென்னிஸ் ஆர்கன் ஆராய்ந்தபோது அவர் மனதில் இருந்தது மேலாளரும் சக ஊழியர்களும் உள்ள அலுவலகம். டெலிவரி வேலையில் மேலாளர் இடத்தில் ஆப்தான் இருக்கிறது.

போனஸ் கொடுத்தால் கூடுதலாகச் செய்வார்கள் என்பது பலரின் கணிப்பு. செய்வார்கள், எண்ணிக்கையில் மட்டும். நாளைக்கு 20 ஆர்டர் முடித்தால் போனஸ் என்று வையுங்கள். இரவு 10.40, கையில் 19ஆவது ஆர்டர். ரசம் டப்பாவின் மூடி தளர்ந்திருக்கிறது. திரும்ப கவுன்டரில் நின்று டேப் ஒட்டி வாங்க மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் கடைசி ஆர்டர் தவறினால் அன்றைய போனஸ் முழுவதும் போய்விடும். மூடியைக் கவனிக்காத மாதிரி கிளம்புவதுதான் லாபம். 20இல் மொத்தமாகக் கொடுப்பதை 14, 16, 18 என்று சிறு சிறு படிகளாக உடைத்து, ஓட்டலில் காத்திருந்த நேரத்துக்கும் பணம் போட்டால் இந்த அவசரம் பெரிதும் தணியும்.

ஸ்டார் இன்னும் மோசம். ஓட்டல் தாமதத்தால் ஆறிப்போன தோசைக்கும் ரைடருக்குத்தான் ஸ்டார் குறைகிறது. காரணமும் தெரிவதில்லை, முறையிட மனிதரும் கிடைப்பதில்லை. ஐடி பிளாக் ஆகிவிடுமோ என்ற பயத்தில் “ஃபைவ் ஸ்டார் போட்ருங்க சார்” என்று கேட்பதை அக்கறை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அக்கறையைப் பார்க்க வேண்டுமானால் மழை நாளில் ரைடர்களின் வாட்ஸ்அப் குழுவைப் பாருங்கள். “துரைசாமி சப்வேல தண்ணி, சுத்திப் போங்க” என்று வாய்ஸ் மெசேஜ் வரும். வண்டி நின்றவருக்கு இன்னொருவர் பெட்ரோல் கொண்டுபோய்க் கொடுப்பார். யாரும் காசு தருவதில்லை. இன்று சொன்னவருக்கு நாளை இன்னொருவர் சொல்வார், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். தன் விருப்பம், கைத்திறமை, மனிதத் தொடர்பு மூன்றும் இருந்தால் உள்ளிருந்து ஊக்கம் வரும் என்பது உளவியலாளர்கள் டெசி, ரயன் இருவரின் கோட்பாடு. இந்தக் குழுவில் மூன்றும் இருக்கின்றன.

2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இவர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. உட்காரவும் போன் சார்ஜ் போடவும் இடம் என்பதோடு, ரைடர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடமாகவும் இதைப் பார்க்க வேண்டும். ஓட்டல்கள் ஒரு பெஞ்ச், குடிதண்ணீர், கழிப்பறை கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பார்சலைக் கொடுக்கும்போது “ரசம் மேல இருக்குப்பா” என்று ஒரு வார்த்தை சொல்வதும் உதவும்.

நிறுவனம் முதலில் சரிசெய்ய வேண்டியது அந்த மேப் ‘பின்’னைத்தான். தவறான பின்னைத் திருத்த ஆப்பிலேயே ஒரு பட்டன் வையுங்கள். சுற்றிப் போன தூரத்துக்கான பணத்தை அந்த ஆர்டரிலேயே சேருங்கள், புகார் எழுத வைக்காதீர்கள். ஒரே முகவரியை மூன்று பேர் திருத்தினால் பின்னை மாற்றி, அந்த மூவருக்கும் செய்தி அனுப்புங்கள்: “நீங்கள் காட்டிய இடம் சரி, மாற்றிவிட்டோம்.” இந்தச் செய்தி வராத ஊரில் நான்காவது ரைடர் “வாடிக்கையாளர் எடுக்கவில்லை” என்று அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவார்.