மொட்டை மாடியில் டேங்க் இருந்தும் ஷவர் ஏன் சொட்டுகிறது?

கடையில் பார்த்து ஆசைப்பட்டு எட்டு இஞ்ச் ரெயின் ஷவர் வாங்கி மாட்டியபின், நடுவில் இருக்கும் நாலு ஓட்டையில் மட்டும் தண்ணீர் ஒழுகுவது நம் ஊர் மாடி வீடுகளில் சகஜம். உடனே எல்லோரும் சொல்லும் வைத்தியம் பிரஷர் பம்ப். சில வீடுகளுக்கு அது வேண்டியதுதான். ஆனால் பணத்தைப் போடும் முன் அழுத்தம் எங்கிருந்து வருகிறது, வழியில் எங்கே தொலைகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் டேங்க் மேல் ஒரு தப்பும் இருக்காது, குழாயில்தான் கோளாறு.

டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் கொடுப்பது உயரம். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). டேங்க் 500 லிட்டரா 2000 லிட்டரா என்பது இந்தக் கணக்கில் வராது. தண்ணீர் மட்டம் ஷவருக்கு எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது என்பதுதான் கணக்கு. இதை ஃபிளாண்டர்ஸ் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586லேயே எழுதிவிட்டார். இப்போது மேல்தளத்துக் குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஷவர் தரையிலிருந்து 2.1 மீட்டர், கூரை 3 மீட்டர், கூரை மேலேயே டேங்க் உட்கார்ந்திருக்கிறது என்றால் டேங்கின் அடிப்பாகம் ஷவரைவிட 1 மீட்டர்தான் மேலே. டேங்க் நிரம்பியிருந்தால் 2 மீட்டர். ஆக மொத்தம் 0.1லிருந்து 0.2 பார். கீழ்த்தளத்துக்கு இன்னொரு 3 மீட்டர் கூடக் கிடைப்பதால்தான் அதே டேங்க், அதே ஷவர், கீழே மட்டும் நன்றாகக் கொட்டுகிறது.

அப்போ டேங்கைத் தூக்கி வைத்தால்? உதவும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. துளையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும் என்று இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி 1644ல் வெளியிட்டார். உயரம் இரண்டு மடங்கானால் வேகம் 1.4 மடங்குதான்.

இதெல்லாம் குழாயில் தண்ணீர் நிற்கும்போது உள்ள கதை. திறந்த நொடியிலிருந்து உராய்வு வேலையைத் தொடங்கிவிடுகிறது, நம் வீடுகளில் ஷவரைக் கெடுப்பதும் பெரும்பாலும் இதுதான். பிரான்ஸின் டிஜோன் நகரத்துக்கு 1840ல் சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊற்றிலிருந்து பம்பே இல்லாமல் தண்ணீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்ரி டார்சி, குழாய்களில் எவ்வளவு அழுத்தம் தொலைகிறது என்று அளந்து 1857ல் வெளியிட்டார். இன்றும் அந்த வழியில்தான் கணக்குப் போடுகிறோம். நம் அரை இஞ்ச் சிபிவிசி (பிளாஸ்டிக்) குழாயின் உள்விட்டம் 12.5 மில்லிமீட்டர் அளவுதான். அதில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு 10 மீட்டர் குழாயும் சுமார் 1.4 மீட்டர் உயரத்தைத் தின்றுவிடும். நம்மிடம் இருந்ததே ஒன்றிரண்டு மீட்டர்! அதே 8 லிட்டரை முக்கால் இஞ்ச் குழாயில் விட்டால் இழப்பு கால் மீட்டர்தான். வேறுமாதிரி சொன்னால், அதே உயரத்தில் முக்கால் இஞ்ச் குழாய் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு தண்ணீர் தரும். குழாயைத் திருப்பும் எல்போக்களும் சும்மா இல்லை, இந்த ஓட்டத்தில் பத்து எல்போ சேர்ந்து அரை மீட்டருக்கு மேல் பிடுங்கும். பழைய திருகு வகை ஸ்டாப் காக் ஒன்றே அரை மீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். முழுத் துளையுள்ள பால் வால்வில் இழப்பு சொற்பம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் சுவரை மூடும் முன்பே இதைப் பிளம்பரிடம் பேசிவிடுங்கள். டேங்கிலிருந்து இறங்கும் மெயின் லைன் ஒன்றே கால் இஞ்ச், குளியலறை வரை முக்கால், ஷவர் கிட்டே வந்து அரை என்று போட்டால் போதும். மெயின் லைன் மெலிந்திருந்தால் பக்கத்தில் யாராவது ஃப்ளஷ் அழுத்தியதும் உங்கள் ஷவர் இளைத்துப்போகும்.

ஏற்கெனவே கட்டிய வீடா? ஒரு வாளியும் கடிகாரமும் போதும். ஷவரை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நேரம் என்று பாருங்கள், அப்புறம் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். கழற்றியதும் தண்ணீர் தடதடவென்று கொட்டினால் பிரச்சினை தலையில்தான். போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு துளைகளை அடைத்திருக்கும். வினிகரிலோ சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரிலோ ஊறவைத்தால் கரையும். உள்ளே இருக்கும் சின்ன வலையையும் கழுவுங்கள். சில தலைகளில் ஓட்டத்தைக் குறைக்கும் பிளாஸ்டிக் வளையம் ஒன்றும் இருக்கும். அமெரிக்காவில் 1992ல் வந்த சட்டம் ஷவருக்கு நிமிடத்துக்கு 9.5 லிட்டர் என்று வரம்பு வைத்தது, அதை அளப்பது சுமார் 5.5 பார் அழுத்தத்தில். அப்படிப்பட்ட அழுத்தத்துக்கான வளையம் நம் 0.2 பாரில் வெறும் தடை, எடுத்துவிடலாம்.

தலையைக் கழற்றியும் மெலிதாகவே வந்தால் குழாய், வால்வு அல்லது ஏர் லாக். டேங்க் காலியாகி மறுபடி நிரம்பிய பிறகு இப்படி ஆனால் காற்று அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். டேங்கை விட்டு வெளியே வரும் குழாயில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே வாய் திறந்த ஒரு ஏர் பைப் நிறுத்தினால் தீரும்.

குறைந்த அழுத்தத்துக்கு என் தேர்வு எப்போதும் சின்னத் தலைதான். துளைகளின் மொத்தப் பரப்பு குறைந்தால் ஓட்டம் கொஞ்சம் குறையும், ஓட்டம் குறைந்தால் குழாயில் உராய்வும் குறையும், மிச்சமாகும் அழுத்தம் முழுக்கத் துளைக்கு வந்து சேரும். தண்ணீர் உடம்பில் சுள்ளென்று விழும்.

இத்தனைக்கும் பிறகும் போதவில்லை என்றால் பம்ப் போடுங்கள். வீட்டில் அழுத்தம் தாங்காத வகை சோலார் ஹீட்டர் இருந்தால் மட்டும் கவனம். பம்ப் குளிர்ந்த தண்ணீர் லைனை மட்டும் தள்ளும்போது, சூடும் குளிரும் கலக்கும் மிக்ஸர் குழாய் வழியாக அந்தத் தண்ணீர் சூடான லைனுக்குள் ஏறி, மாடியில் ஹீட்டரின் காற்றுக்குழாய் வழியே வழிந்து ஓடும். சூடான லைனில் மிக்ஸருக்கு முன்னால், தண்ணீரைத் திரும்பிப் போக விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வைக்கச் சொல்லுங்கள்.