மெய்மை: 'ஆதென்டிக் லீடர்' என்பதற்குத் தமிழ்

மருத்துவக் கருவிகள் செய்யும் மெட்ரானிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த பில் ஜார்ஜ் 2003-இல் எழுதிய நூலுக்குப் பிறகு மேலாண்மைப் பாடங்களில் 'ஆதென்டிக்' (authentic) தலைமை, அதாவது வேடம் போடாமல் தானாகவே இருந்து வழிநடத்துவது, என்ற பேச்சு பெருகியது. ஓசூர் சிப்காட்டில் மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு பெறுபவரும் இச்சொல்லைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வேர் கிரேக்கம். 'ஆட்டோஸ்' என்றால் தான். அதிலிருந்து வந்த 'ஆதென்டேஸ்', தன் கையாலேயே ஒன்றைச் செய்பவனைக் குறித்தது. கொலைகாரனுக்கும் அதே சொல்தான். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லமாட்டார்கள். லத்தீன், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தபோது 'நம்பத்தக்க மூலம்' என்ற பொருள் முன்னே நின்றது.

அந்தப் பொருளுக்கு நம்மிடம் 'அசல்' உண்டு. அரபியிலிருந்து வந்தது, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு எதிர்ச்சொல். பத்திரத்துக்குப் பொருந்துவது ஆளுக்குப் பொருந்தவில்லை. 'இயல்பு' என்பதும் போதாது. "என் சுபாவமே இதுதான்" என்று ஷிப்டு முழுக்க எரிந்துவிழும் ஃபோர்மேனும் இயல்பாகத்தானே இருக்கிறார்!

என் தேர்வு 'மெய்மை'. உள்ளத்தில் இருப்பது உண்மை, வாயில் இருப்பது வாய்மை, உடம்பில் இருப்பது மெய்மை என்று பிரித்துச் சொல்வது நம் மரபு. மெய் என்றால் உடம்பு. நினைத்ததும் சொன்னதும் உடம்பால் நடந்து காட்டப்படும்போதுதான் மெய்மை. கிரேக்க வேரும் செய்பவனைத்தான் சுட்டுகிறது.

இதற்கு ஓசூருக்குப் பக்கத்திலேயே, தருமபுரி மாவட்டத்தில், ஆள் இருந்தார். சிறையில் தொழுநோய்க்கு ஆளான விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவை ஆங்கில அரசு ரயிலில் ஏறவிடவில்லை. புண்பட்ட உடம்போடு நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப நினைத்தார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்பும் முன்பே, 1925-இல், அதே ஊரில் சிவா காலமானார்.

அந்தக் கோயில் அவருக்குக் 'குறிக்கோள்'. குறித்துக் கொண்டது என்பதே அதன் பொருள். "குறிக்கோள் இலாது கெட்டேன்" என்று அப்பரே பாடியிருக்க, தலைமைப் பாடத்தில் 'பர்ப்பஸ்' என்று கடன் வாங்குவானேன்?

எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். 'மெய்த்தலைவர்' என்றால் மற்றவரெல்லாம் போலி என்ற குத்தல் தொனிக்கும். 'மெய்மையுள்ள தலைவர்' என்று எழுதினால் அந்த வம்பு இல்லை.