ரேடியேட்டருக்கும் சுவருக்கும் நடுவே நான்கு சென்டிமீட்டர்

லண்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் வாசற்கதவைத் திறந்ததும் ஒரு நடை வரும். பல வீடுகளில் அது ஒரு மீட்டர் அகலம்கூட இருக்காது. வீட்டைச் சூடாக்க அங்கே ரேடியேட்டர் மாட்டியிருக்கும்; அதன் பேனல்கள் உள்ளே வெந்நீர் ஓடும் தட்டையான இரும்புப் பலகைகள். இரட்டைப் பேனல் ரேடியேட்டரின் பருமன் சுமார் 10 சென்டிமீட்டர். பின்னால் விட்ட இடைவெளியையும் சேர்த்தால் 14. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவரும் சைக்கிளை உள்ளே ஏற்றுகிறவரும் தினமும் அதில் இடித்துக்கொள்ள வேண்டியதுதான். 'ஒல்லியாக ஒன்றை வாங்கி, சுவரோடு ஒட்டினாற்போல மாட்டிவிட்டால் என்ன?' என்ற யோசனை வருவது இயல்பு. ஒல்லியாக மாட்டலாம். ஒட்டி மாட்டக்கூடாது. ரேடியேட்டர் ஒல்லியாக ஆக ஆக, அதன் முதுகுப்பக்க இடைவெளிக்கு மதிப்பு கூடுகிறது.

கடையில் 'டைப் 11', 'டைப் 22' என்று எழுதியிருப்பார்கள். முதல் இலக்கம் வெந்நீர் ஓடும் பேனல்களின் எண்ணிக்கை. இரண்டாவது, பேனலின் பின்னால் பற்றவைத்த மடிப்புத் தகடுகளின் வரிசை. 60 சென்டிமீட்டர் உயரமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள டைப் 22 சுமார் 1,700 வாட் வெப்பம் தரும். அதே அளவு டைப் 11 தருவது 950 வாட் போல. இரண்டு எண்ணுமே குழாயில் 75 டிகிரியில் நீர் வந்து, 65 டிகிரியில் திரும்பி, அறை 20 டிகிரியில் இருக்கும்போது அளந்தவை. ஐரோப்பியத் தரநிலையின் சோதனை முறை அது.

இந்த 950 வாட் எந்த வழியாக வெளியே வருகிறது? முன்முகத்தின் பரப்பு 0.6 சதுர மீட்டர்; சராசரி வெப்பநிலை 70 டிகிரி. கதிர்வீச்சுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் அறையை நோக்கி நேராக வீசும் வெப்பம் 200 வாட் அளவில்தான் வருகிறது. (வெள்ளை அடித்தாலும் கறுப்பு அடித்தாலும் இதில் பெரிய மாற்றம் இருக்காது. இந்த வெப்பநிலையில் சாதாரண பெயின்ட் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கதிர்வீசும். வெள்ளி நிற உலோகப் பெயின்ட் அடித்தால்தான் குறையும்.) மீதியில் பெரும்பகுதியைக் காற்றுதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஆனால் காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்வதில் மகா சோம்பேறி. விசிறி இல்லாமல் தானாக மேலெழும் காற்று, ஒரு சதுர மீட்டர் உலோகத்திடமிருந்து, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 5 வாட் அளவுக்குத்தான் வாங்கும். பேனலுக்குள் ஓடும் நீர் அதைவிடப் பல மடங்கு எளிதாக வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. முட்டுக்கட்டை காற்றின் பக்கம்தான். அதற்காகத்தான் அந்த மடிப்புத் தகடுகள்: காற்று உரசிச் செல்லும் பரப்பைப் பெருக்குகின்றன. ஒவ்வொரு மடிப்பும் ஒரு குட்டிப் புகைபோக்கி. கீழே குளிர்ந்த காற்றை இழுத்து, சூடேற்றி, மேலே கக்கும்.

டைப் 22-இல் இந்தப் புகைபோக்கிகள் இரண்டு பேனல்களுக்கு நடுவே பத்திரமாக இருக்கின்றன. சுவர் எவ்வளவு தள்ளி இருந்தாலும் அவற்றுக்கு அவ்வளவாகக் கவலையில்லை. டைப் 11-இல் இருப்பது ஒரே பேனல். தகடுகள் அதன் முதுகில், சுவரைப் பார்த்தபடி இருக்கின்றன. காற்று ஏறும் பாதைக்கு ஒரு பக்கம் சூடான இரும்பு, மறுபக்கம் உங்கள் வீட்டுச் சுவர். சுவரும் ரேடியேட்டரின் ஒரு உறுப்பாகிவிடுகிறது.

எவ்வளவு இடைவெளி போதும் என்பதையும் கணக்குப் போடலாம். சூடான செங்குத்துத் தகட்டை ஒட்டி மேலெழும் காற்று ஒரு மெல்லிய படலமாகத்தான் எழும். அடியில் மிக மெல்லிசாகத் தொடங்கி, 60 சென்டிமீட்டர் ஏறி உச்சிக்கு வரும்போது அதன் தடிமன் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் ஆகிறது. எதிரே இருக்கும் சுவர், தன்மீது உரசும் காற்றைப் பிடித்து இழுக்கும்; அதற்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 3 முதல் 4 சென்டிமீட்டர். ரேடியேட்டரைச் சுவரில் மாட்ட அதோடு வரும் பிராக்கெட்டுகளும் பொதுவாக இந்த அளவை ஒட்டியே இடம் விடுகின்றன. ஒரு சென்டிமீட்டருக்கு நெருக்கினால் காற்று தேங்கி, தகட்டின் சூட்டுக்கே வந்துவிடும். அதன்பின் அது எதை வாங்கும்? அடியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் திறப்பும் வேண்டும். கால்மிதி, செருப்புப் பெட்டி என்று அடியில் திணிப்பதும் மேலே மரத்தட்டை ஒட்டிப் பதிப்பதும் இதே தவறின் வேறு உருவங்கள்.

காற்று ஏறும் பாதைக்குச் சுவரே சாட்சி சொல்லும். ரேடியேட்டருக்கு மேலே, சில வருடங்களில், கீழே கருத்தும் மேலே போகப் போக வெளுத்தும் ஒரு புகைக்கறை படியும். உற்றுப் பார்த்தால் மடிப்புத் தகடுகளின் இடைவெளிக்கு ஏற்றபடி கோடு கோடாகக்கூட இருக்கும். அது கரி இல்லை, வீட்டுத் தூசி. சூடான காற்றில் மிதக்கும் நுண்துகளை, சூடான பக்கத்து மூலக்கூறுகள் அதிக வேகத்தோடும் குளிர்ந்த பக்கத்து மூலக்கூறுகள் குறைந்த வேகத்தோடும் மோதுகின்றன. துகள் குளிர்ந்த பக்கம், அதாவது சுவரின் பக்கம், தள்ளப்பட்டு ஒட்டிக்கொள்கிறது.

பின்னால் பளபளக்கும் அலுமினியத் தாள் ஒட்டலாமா என்று கேட்பார்கள். அது எந்தச் சுவர் என்பதைப் பொறுத்தது. காப்பு இல்லாத, ஒன்பது அங்குலச் செங்கல் வெளிச்சுவராக இருந்தால் பலன் உண்டு. பெயின்ட் அடித்த சுவர் தன்மேல் விழும் கதிர்வீச்சில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கும். பளபளப்பான அலுமினியம் இருபதில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். வரிசை வீட்டு நடையிலோ ரேடியேட்டர் பெரும்பாலும் பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரில் இருக்கும். அவர் வீடும் சூடாகத்தான் இருக்கிறது. தாள் ஒட்டி மிச்சப்படுத்த அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. தாளுக்குப் பதில் தடித்த நுரை அட்டை வாங்கி ஒட்டினால், கஷ்டப்பட்டு விட்ட இடைவெளியில் அரை சென்டிமீட்டர் காணாமல் போகும்.

இன்னொரு சிக்கல் நீரின் சூடு. இங்கிலாந்தில் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகள், புதிதாக அமைக்கும் வெந்நீர் முறைகளை 55 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த நீருக்கு ஏற்பத் திட்டமிடச் சொல்கின்றன. வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் சிக்கனமாக ஓடவும் குறைந்த சூடுதான் வேண்டும். 55-இல் வந்து 45-இல் திரும்பினால், அறைக்கும் பேனலுக்கும் உள்ள வித்தியாசம் 50-லிருந்து 30 டிகிரியாகக் குறைகிறது. வெப்பம் அதைவிட வேகமாகக் குறைந்து, ஏறக்குறைய பாதியாகிறது. 950 வாட் என்று அட்டையில் எழுதியது வீட்டில் 490 வாட்தான். பழைய டைப் 22-ஐக் கழற்றிவிட்டு அதே நீளத்தில் டைப் 11 மாட்டி, கூடவே பாய்லர் சூட்டையும் குறைத்தவர்கள் ஜனவரியில் கோட்டைக் கழற்றாமல் நடையில் நிற்பது இதனால்தான்.

இதற்கு நடையே வழி வைத்திருக்கிறது. அதற்கு அகலம்தான் கிடையாது, நீளம் தாராளம். ஒரு மீட்டருக்குப் பதில் 1.8 மீட்டர் நீள டைப் 11 மாட்டினால், நீரின் சூட்டைக் குறைக்காதவரை, பழைய 1,700 வாட் திரும்பி வந்துவிடும், அதுவும் பாதிப் பருமனில். விசிறி வைத்த ஒல்லி மாதிரிகளும் விற்கின்றன. விசிறி காற்றின் படலத்தைக் கலைத்து மெலிதாக்குவதால் சின்னப் பெட்டியே நிறைய வெப்பம் தரும். ஆனால் மின்சார இணைப்பு வேண்டும், விசிறிச் சத்தமும் இருக்கும். நடைக்கு நான் நீள வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வேலையில் பலரைக் கவிழ்ப்பது குழாய். தரைப்பலகையைத் துளைத்து மேலே வரும் 15 மில்லிமீட்டர் செப்புக்குழாய் பழைய தடித்த ரேடியேட்டரின் வால்வுக்கு நேராக நிற்கும். ஒல்லியானதன் வால்வு வாய் சுவருக்குச் சில சென்டிமீட்டர் நெருக்கமாக இருக்கும். குழாயை நகர்த்தச் சோம்பல்பட்டு, பிராக்கெட்டுக்குப் பின்னால் மரக்கட்டை வைத்து ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளி மாட்டுகிறவர்கள் உண்டு. காற்றுக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. மிச்சம் பிடிக்க நினைத்த இடம்தான் மிச்சமாகாது. நீளமான ரேடியேட்டர் வாங்கினால் எப்படியும் ஒரு குழாயை நகர்த்தியே ஆக வேண்டும், பலகையும் பெயர்க்கத்தான் போகிறது. அதே மூச்சில் இரண்டு குழாய்களையும் சுவர்ப்பக்கம் நகர்த்தச் சொல்லிவிடலாம். சுவரிலிருந்து வால்வு மையம் வரையான தூரம் ரேடியேட்டரின் அளவுப் பட்டியலிலேயே இருக்கும். பிளம்பர் வருவதற்கு முன் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.